மேகலாவின் மிச்ச மாத்திரைகள்

வண்டிகளுக்கு வயர் கட்டும் அந்தக் கம்பெனியில் மேகலாவுக்கென்று ஓர் இடம் கிடையாது. அடுத்தவர் இடத்தில் போய் நிற்பதுதான் அவள் வேலை. அதற்கு ரிலீவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள் நின்றுகொண்டு, முன்னால் வரும் பலகையில் சிவப்பும் பச்சையுமாக வயர்களைச் செருகி, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு விடுவார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் அதற்காகப் பெல்ட் நிற்காது. மேகலா ஓடிவந்து அந்த இடத்தில் நின்றால்தான் அவள் போகலாம். நாற்பது பேருக்கு ஒரே ஒரு மேகலா. இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவானுக்கு மூத்திரப் பையே கிடையாது போலிருக்கிறது.

மேகலா கெட்டிக்காரி. நாற்பது இடத்து வேலையும் அவள் விரல்களுக்குத் தெரியும். யாருக்கு அவசரம், யாருக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சூப்பர்வைசர் மணிகண்டன் மீசை அரும்பிய பிள்ளை, அவன் காதில் விழும்படி எவள் கேட்பாள்? காலரில் இரண்டு விரலை வைத்தால் அது மேகலாவுக்குச் சேதி. அவளும் தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு அங்கே வந்து சேர அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். அதனால் புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே ஒரு புத்திமதி சொல்லிவிடுவாள்.

"பாட்டில்ல தண்ணி ரொப்பி வெச்சிக்கோ கண்ணு, யாருன்னா கேட்டா காட்டறதுக்கு. குடிக்கறத மட்டும் ஊட்டுக்குப் போயி குடிச்சிக்கோ."

தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றால் உடம்பு சும்மா விடுமா? மாதம் பிறந்தால் யாராவது ஒருத்திக்கு நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாகப் போகும், போகும்போது மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். டாக்டரிடம் போவதென்றால் லீவு போட வேண்டும். லீவு போட்டால் அந்த மாதத்து வருகைப் படி போய்விடும். அதைவிடப் பெரிய பயம் வேறு. கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே என்ன எரிச்சல் என்று ஊர் ஒரு கேள்வி கேட்குமே, அதற்கு எந்த டாக்டரும் மருந்து எழுதித் தர முடியாது.

ஆகவே ஓசூரை ஒட்டிய மத்திகிரி கூட்டு ரோட்டில் லால் பாஷாவின் மருந்துக்கடைதான் கதி. அவர் டாக்டர் சீட்டு கேட்பார். இல்லை என்றால் முகத்தைச் சுளிப்பார். "அஞ்சு நாளைக்கு முழுசா போடணும்மா, நடுவுல நிறுத்தக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டி நீட்டுவார். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். தான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் பக்கத்து நியாயம்.

நாலில் இரண்டைப் போட்டதும் எரிச்சல் அடங்கிவிடும். அடங்கின பிறகு எதற்கு மருந்து? மிச்சத்தைக் கொண்டுவந்து மேகலாவிடம் கொடுத்துவிட வேண்டும். யார் போட்ட சட்டமென்று தெரியாது, ஆனால் அந்த லைனில் யாரும் அதை மீறியதில்லை. தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தவளை எந்த வீட்டிலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை அல்லவா, அந்த மாதிரி ஒரு மரியாதை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த சிவப்புப் பர்ஸ் ஒன்று மேகலாவின் யூனிஃபார்ம் பாக்கெட்டிலேயே இருக்கும். வெள்ளை, மஞ்சள், பாதி நீலம் பாதி வெள்ளையாகக் கேப்சூல் குப்பி என்று வகைவகையாக மிச்ச மாத்திரைகள் அதற்குள் கிடக்கும். காலரில் விரல் வைத்தவளிடம் போய்ச் சேர முடியாத நாளில், சாப்பாட்டு மணியடித்ததும் இரண்டு மாத்திரையை அவள் உள்ளங்கையில் திணித்துவிடுவாள். தன்னால் ஒரே நேரத்தில் நாற்பது இடத்தில் நிற்க முடியவில்லையே என்ற குறைக்கு அவள் கண்டுபிடித்த பரிகாரம் அது.

மாத்திரை அக்கா என்று அவளைக் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

சிங்காரப்பேட்டையில் பிறந்து, லாரி ஓட்டும் சென்னகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு மத்திகிரிக்கு வந்தவள் அவள். வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். புருஷன் பாதி நாள் ரோட்டில்தான். அவளுடைய பெரியப்பா மகன் மாதேஸ்வரனும் அவன் மனைவி மாரம்மாவும் ஊரில் கத்தரியும் கடலையும் போட்டுப் பிழைப்பவர்கள். அவர்களுடைய ஒரே மகள் பிரவீனா. பன்னிரண்டாவது முடித்ததும் அந்தப் பெண்ணைக் கம்பெனிக்கு அழைத்து வந்தவள் மேகலாதான். அனுப்பப் பயந்த மாரம்மாவிடம், "எம் பொறுப்பு அண்ணி. எம் பொண்ணா இருந்தா எப்பிடியோ அப்பிடி" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

பிரவீனா வாயாடி. லைனில் டேப் சுற்றிக்கொண்டே கன்னடப் பாட்டையும் தெலுங்குப் பாட்டையும் கலந்து முணுமுணுப்பாள். ராத்திரி அத்தையின் காலைப் பிடித்துவிட்டபடியே, சேர்த்த காசில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்பாள். "நீ ஊசி குத்துனா ஊரே காலியாயிடும்டி" என்று மேகலா சிரிப்பாள்.

அந்தப் பிரவீனாவுக்கு அரை வருஷத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்தபோது மேகலாவின் மனதில் லேசாக ஒரு முள் தைத்தது. முன்பெல்லாம் வெள்ளை மாத்திரை இரண்டு போட்டால் மறுநாள் மறந்துவிடும். இந்தத் தடவை கேட்கவில்லை. மஞ்சள் கொடுத்தாள். ஒரு நாள் அடங்கிய மாதிரி இருந்து மறுபடியும் எரிந்தது. பிறகு நீலக் குப்பி. யோசித்துப் பார்த்தால் லைனில் மற்றவர்களும் இப்போதெல்லாம் இரண்டோடு நிற்பதில்லை, மூன்று நாலு என்று கேட்கிறார்கள். லால் பாஷாவும், "என்னாம்மா, போன மாசம்தான வாங்குன?" என்று ஒரு தடவை கேட்டார். இதெல்லாம் மேகலாவின் கண்ணில் படாமல் இல்லை. பட்டதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரவீனாவின் கை நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டிக்கொண்டது. மேகலா தொட்டுப் பார்த்தாள், கொதித்தது.

"இடுப்புக்கு மேல வலிக்குது அத்த. பின்னால. குத்துது."

முதலுதவி அறையில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து ஆட்டோவில் அனுப்பினார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் ஊசி. மறுநாள் காலையில் பெண் எழுந்திருக்கவில்லை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல், "பெல்ட்ட நிறுத்துங்க, பலகை போவுது" என்றாள். மேகலா பக்கத்து வீட்டுப் பையனின் காரில் போட்டுக்கொண்டு ஓசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். போகும்போதே ஊருக்குப் போன் போட்டாள்.

மாதேஸ்வரனும் மாரம்மாவும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது பிரவீனாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மாரம்மா கத்தரிக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள், புடவைக் கரையில் மண் ஒட்டியிருந்தது. மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறன்னுதான் தைரியமா இருந்தன்" என்றாள். அந்தச் சொல் மேகலாவைச் சுட்டது.

டாக்டர் பிரியதர்ஷினி வெளியே வந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"யூரின்ல ஆரம்பிச்ச இன்ஃபெக்‌ஷன் கிட்னிக்கு ஏறி, ரத்தத்துலயும் கலந்துடுச்சு. பிரஷர் இறங்கிட்டிருக்கு. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு கண்டுபிடிக்க கல்ச்சர் அனுப்பியிருக்கோம். அது வர ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் நாங்க ஊகிச்சுத்தான் மருந்து கொடுக்கணும். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா? என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

மாதேஸ்வரனும் மாரம்மாவும் திரும்பி மேகலாவைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பெண் இருந்தது அவள் வீட்டில்.

மேகலா வாயைத் திறந்தாள். பாக்கெட்டில் பர்ஸ் கனத்தது. எம் பொறுப்பு அண்ணி என்று சொன்ன வாய் அது.

"இல்லீங்க மேடம். காய்ச்சல் மாத்திர ஒண்ணு போட்டது. அவ்ளோதாங்க."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு பொய்யைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு வயரைச் செருகுகிற நேரம். அதன்பிறகு மேகலாவுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. டீ வாங்கிக்கொண்டு வந்து ஆறவிட்டுக் கொட்டினாள். சொல்லாமல் விட்டதால் என்ன ஆகிவிடும், அவர்கள் படித்தவர்கள், பெரிய மருந்தாகத்தானே கொடுப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு நிமிஷம் அந்தச் சமாதானம் நிற்கும். பிறகு உள்ளே மெஷின் ஏதாவது கூவும், இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணாடிக் கதவு வழியாக ஒருவர் ஒருவராகப் பார்க்க விட்டார்கள். பிரவீனாவின் உதடு வெடித்திருந்தது. கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையில் சிவந்த நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம். நாற்பது பேரின் மூத்திர அவசரத்தை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், தன் கூடவே படுத்து எழுந்த பெண்ணின் உடம்பைப் பார்க்கத் தவறிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நர்ஸ் வந்து காய்ச்சல் இறங்கவில்லை என்றாள். பிரஷருக்குப் போடும் மருந்தைக் கூட்டியிருக்கிறார்களாம். பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா என்று மாதேஸ்வரன் கேட்டதற்கு, இந்த நிலைமையில் கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று பதில் வந்தது. எல்லை தாண்டினால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு என்று நம்பித்தானே இந்தப் பக்கத்துச் சனம் வாழ்கிறது. அந்த வழியும் அடைந்துபோனதில் மனிதன் தரையிலேயே குந்திவிட்டான். பிறகு அவனே, தன் பாட்டுக்குப் பேசுவது போல ஆரம்பித்தான்.

"கத்திரிக்காய்ல தண்டுப்புழு வந்துச்சின்னா நம்ம கங்கப்பன் இருக்கறானே, அவன் மருந்துல சரிபாதி தண்ணிய ஊத்தி அடிப்பான். காசு மிச்சமாம். நாலு புழு சாவும், மிச்சம் இருக்கறது அந்த மருந்தத் தின்னு பழகிக்கும். அப்பறம் பக்கத்துக் காட்டுக்காரன் நாம என்னா அடிச்சாலும் சாவாது. அந்த மாதிரி இல்ல ஆயிப்போச்சு எம் பொண்ணு ஒடம்பு. என்னா ஊசி போட்டும் கேக்கலியே. எவன் அடிச்ச அரமருந்துக்கு எம் பொண்ணு அழியறாளோ."

அவன் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. கங்கப்பன்மேல் பழைய கோபம், அதைச் சொன்னான். மேகலாவுக்கு அது தன் காதைத் திருகிச் சொன்ன மாதிரி இருந்தது. அரைக் கிணறு தாண்டினால் எங்கே போய் விழுவோம் என்பதை அறியாதவளா அவள்? தானும் தாண்டி, நாற்பது பேரையும் தாண்ட வைத்து, கடைசியில் இந்தப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளியிருக்கிறாள். சொன்னால் இவர்கள் முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாமல் அந்தப் பெண் போய்விட்டால் தன் முகத்திலேயே விழிக்க முடியாது.

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். டாக்டர் பிரியதர்ஷினி வெளியே வந்தாள். மேகலா பர்ஸை எடுத்துத் திறந்து, பக்கத்திலிருந்த மேசைமேல் கவிழ்த்தாள். துண்டு அட்டைகளும் உதிரி மாத்திரைகளும் சிதறின. ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"நேத்து பொய் சொல்லிட்டங்க மேடம். இதெல்லாம் நான்தாங்க குடுத்தன். அதுக்கு மட்டும் இல்லீங்க, எங்க லைன்ல எல்லாத்துக்கும். ரெண்டு ரெண்டா. அதுக்கு இது மூணாவது வாட்டி. வெள்ளைய மொதல்ல குடுத்தன், கேக்கல, அப்பறம் மஞ்ச, அப்பறம் இந்த நீலம்."

டாக்டர் ஒவ்வொரு துண்டு அட்டையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலக் குப்பியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதோட குடும்பத்தைச் சேர்ந்த ஊசியத்தான் நேத்துலேர்ந்து போட்டுட்டிருக்கேன்" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமாயிருக்கும். தெரியுமா உங்களுக்கு, ஒரு நாள்னா என்னன்னு?"

சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். புதிய மருந்தின் பெயரை யாரிடமோ இரைந்து சொல்வது கேட்டது. மேகலா திரும்பினாள். பின்னால் மாரம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மாரம்மா கத்தவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட மேகலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கீழே விழுந்த மாத்திரையைக் குனிந்து எடுத்து, அது என்ன என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இம்மாத்துண்டா?" என்றாள்.

"அண்ணி..."

"என்ன அண்ணின்னு கூப்புடாத." அந்த மாத்திரையைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "போயிடாத, இங்கியே இரு. இந்த ஊர்ல எனக்கு வேற யாரத் தெரியும்?"

மேகலா இருந்தாள். பணம் கட்டும் இடத்துக்கும் மருந்து வாங்கும் இடத்துக்கும் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கும் அவளே நடந்தாள். மாரம்மா சீட்டை நீட்டுவாள், இவள் வாங்கிக்கொண்டு போவாள். இருவருக்கும் நடுவே பேச்சு அவ்வளவுதான்.

பிரவீனாவைத் தனி அறைக்கு மாற்றி, கதவில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு போனார்கள், வரும்போது கழற்றிப் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். அடுத்த அறைக் கதவிலும் அதே மஞ்சள் அட்டை தொங்கியது. பாரூர் பக்கம் கரும்பு வெட்டும்போது காலில் அரிவாள் பட்ட ராமப்பன் என்கிற கிழவர் அங்கே இருந்தார். அவருக்கும் எந்த மருந்தும் கேட்கவில்லையாம். அவர் மகள் மேகலாவிடம், "ஒங்க பொண்ணுக்கும் அதானா?" என்று ஏதோ சொந்தக்காரியைக் கண்டது போல விசாரித்தாள். மேகலா அந்த மஞ்சள் அட்டையையே பார்த்தாள். அந்தக் கிழவரின் காலுக்கும் தன் பர்ஸுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அரைமருந்து எந்தக் காட்டிலிருந்து எந்தக் காட்டுக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

கல்ச்சர் முடிவு வந்தது. டாக்டர் அதை வைத்துக்கொண்டு விளக்கினாள். வெள்ளைக்கு அடங்காது, மஞ்சளுக்கு அடங்காது, நீலத்துக்கும் முதல் நாள் போட்ட ஊசிக்கும் அடங்காது. மேகலா மாத்திரை மாத்திரையாக எதைக் கொடுத்தாளோ அதே வரிசையில் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தது. மிச்சம் இரண்டே மருந்து. அதில் ஒன்றைத்தான் நேற்று மாற்றியிருந்தார்கள்.

"முன்னெல்லாம் இந்த மாதிரி கிருமிய மாசக்கணக்கா ஐசியூவுல கிடக்கறவங்ககிட்டதான் பார்ப்போம். இப்ப வீட்டுலேர்ந்து நடந்து வர்றவங்ககிட்டயே இருக்கு" என்றாள் டாக்டர்.

"பொழச்சிக்குவாளா மேடம்?" மாதேஸ்வரன் கேட்டான்.

"மருந்து கேட்டா, பொழச்சுக்குவா."

கேட்டது. புது ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பையில் மூத்திரம் தெளிந்து இறங்கியது. அதைப் பார்த்து மாதேஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான், மகன் பிறந்த சேதி கேட்ட மாதிரி. பிரவீனா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "அத்த, எம் எடத்துல யாரு நிக்கறாங்க?" மேகலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து அழுதாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லலாம்தான். ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கிருமி குடலில் தங்கியிருக்கலாம், மறுபடியும் வரலாம், வந்தால் உடனே வர வேண்டும், கையில் இருக்கிற மருந்து இரண்டுதான் என்றாள். வீடு திரும்பும் நாளில் மாரம்மா மகளைச் சிங்காரப்பேட்டைக்கே கூட்டிப்போனாள். மேகலாவின் வீட்டிலிருந்த துணிமணிகளை மாதேஸ்வரன் வந்து கட்டி எடுத்துக்கொண்டான். "தண்ணி நெறயா குடிக்கச் சொல்லுண்ணா" என்றாள் மேகலா. அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். போனில் பிரவீனா பேசுகிறாள், முணுமுணுப்பாகத்தான். அந்தப் பக்கம் மாரம்மாவின் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும், மறுபடியும் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது என்ற சேதியாக இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் மேகலா எடுப்பாள்.

அவள் மறுபடியும் லைனுக்குப் போனபோது பிரவீனாவின் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். மேகலா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "இனிமே எங்கிட்ட மாத்திர கேக்காதீங்க. தண்ணி குடிங்க. அடக்காதீங்க. எரிஞ்சா டாக்டர்கிட்ட போங்க, குடுத்தத முழுசா போடுங்க" என்றாள். சரி சரி என்று தலையை ஆட்டினார்கள். பெல்ட் ஓட ஆரம்பித்தது. அடக்காதீங்க என்று வாயால் சொல்வது சுலபம். நாற்பது பேர் தண்ணீர் குடித்தால் ஒரு மேகலா என்ன செய்வாள்?

மத்தியானத்துக்குள் அது தெரிந்துவிட்டது. அந்தக் கோடியில் ஒருத்திக்காக மேகலா நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். போனவள் திரும்பவில்லை. இந்தக் கோடியில் ஜைபா காலரில் இரண்டு விரலை வைத்தாள். திருவிழாவில் காணாமல் போன பிள்ளை மாதிரி எப்போதும் மிரண்ட முகம் அவளுக்கு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். மேகலா தலையை ஆட்டினாள். பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஜைபா மறுபடியும் விரலை வைத்தாள். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

விரலை எடுத்துவிட்டால் அடக்கிக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். இத்தனை வருஷமும் அதைப் பார்த்து மேகலாவுக்கு நிம்மதிதான் வந்திருக்கிறது, அப்பாடா ஒருத்தி குறைந்தாள் என்று. இன்றைக்கு அது வரவில்லை. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தூணிலும் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. யார் கையாவது சிக்கிக்கொண்டாலோ, வயரில் தீப்பிடித்தாலோ அதை அமுக்கலாம். அமுக்கினால் லைன் மொத்தமும் நிற்கும், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், ஆபீஸ் வரைக்கும் மணி கேட்கும். பதினேழு வருஷத்தில் மேகலா அதைத் தொட்டதில்லை. தொட்டவர்கள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சிலர் வேலையில் இருப்பதில்லை.

மேகலா இரண்டடி நகர்ந்து உள்ளங்கையால் அதை அமுக்கினாள்.

பெல்ட் நின்றது. எல்லோரும் கையில் வயரோடு நிமிர்ந்தார்கள். அவ்வளவு அமைதியை அந்தக் கூரைக்குக் கீழே யாரும் கேட்டதில்லை.

"போ ஜைபா" என்றாள் மேகலா. "போயிட்டு வா. ஓடாத, மெதுவா போ."

ஜைபா அப்படியே நின்றாள். பிறகு போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவள் பின்னால் இரண்டு பேர். மணிகண்டன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"யாருக்கு அடி? என்ன ஃபால்ட்டு? சீக்கிரம் சொல்லுங்கக்கா, மேல கேப்பாங்க!"

மேகலா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுக்குப் போயிருக்காங்க சார்" என்றாள். "வந்துடுவாங்க."